வண்டி கழுவும் வகை

விடியற்காலை ஐந்து மணிக்கு லேக் கார்டன்ஸ் தெருக்களில் உலாவச் செல்லும் அன்பர்கள் இரண்டு ஓசைகளைத் தவறாமல் கேட்டிருப்பார்கள். ஒன்று, பஜ் பஜ் பாதையில் செல்லும் ரயிலின் ஓசை. மற்றொன்று, தெருவோரக் குழாயடியில் வாளிகள் மோதும் ஓசை. வீடு தோறும் வாசலில் நிற்கும் வண்டிகளைக் கழுவுவோர் அந்த நேரத்திலேயே தம் வேலையைத் தொடங்கிவிடுகின்றனர். நாம் காப்பி அருந்தி முடிப்பதற்குள் வண்டி நனைந்து, துடைக்கப்பட்டு, பளபளவென்று நிற்கிறது. அந்தப் பளபளப்பு எவ்வாறு வந்தது, எதனால் வந்தது, எத்தனை நாள் நிற்கும் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஒரு காலத்தில் கார் என்பது நம்மவர்க்கு அலுவலகத்து வாகனமாகவே இருந்தது. ஏரிக்கு வடக்கே லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு டிராமும் பஸ்ஸுமே போதுமானவையாக இருந்தன. பிற்பாடு சொந்த வண்டி வாங்கியவர்களில் பலர், ஹூக்ளிக் கரையில் உத்தரபாராவில் உருவான அம்பாசடர் வண்டியையே வாங்கினர். 1957 முதல் 2014 வரை அங்கு அந்த வண்டி உருவாகி வந்தது. அதைத் தந்தையார் ஞாயிறு தோறும் தம் கையால் கழுவியதையும், பழைய வேட்டித் துண்டு கொண்டு துடைத்ததையும் இன்றைய பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். இன்று வண்டியும் மாறிவிட்டது. அதன் மேற்பூச்சும் மாறிவிட்டது. ஆனால் கழுவும் பழக்கம் மட்டும் மாறவில்லை. இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது.

நாம் செய்த பிழை

பிறருக்கு அறிவுரை கூறுமுன் நம் பிழையை ஒப்புக்கொள்வதே முறை. சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்கு முந்தைய நாள், வீட்டை வெள்ளையடித்து முடித்த உற்சாகத்தில் வண்டியையும் நாமே கழுவிவிடுவது என்று முடிவு செய்தோம். நண்பகல் வெயில். வாளியில் துணி துவைக்கும் சோப்புத்தூளைத் தாராளமாகக் கரைத்தோம். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரினால் பானட்டின் மேல் இருந்த காக்கை எச்சத்தைத் தேய்த்தோம். நுரை வெயிலில் காய்ந்து ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலை பார்த்தால் கருநீல வண்டியின்மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். பானட்டின் நடுவே உள்ளங்கை அகலத்திற்கு மங்கிய வட்டம்.

நம் தெருவில் வண்டி துடைக்கும் பெரியவர் அன்று காலை வந்து அதைப் பார்த்தார். அவர் பீகாரிலிருந்து வந்து பல ஆண்டுகளாக இங்கே வாழ்பவர். சோப்புத்தூள் டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டு, தம் இரு கைகளையும் நமக்குக் காட்டினார். விரல் இடுக்குகள் வெடித்துப் புண்ணாகிக் கிடந்தன. “இந்தத் தூள் என் கையையே தின்கிறது, பாபு. வண்டியை மட்டும் விட்டுவிடுமா?” என்றார். அந்தத் தூளை மாதந்தோறும் அவருக்கு வாங்கிக் கொடுத்தவர்கள் நாமே. வண்டியில் விழுந்த வட்டத்தைக் கண்டு வருந்திய நாம், அந்தக் கைகளை ஒரு நாளும் கண்டதில்லை. அன்று முதல்தான் இப்பொருளைப் பற்றி விசாரித்து அறியத் தலைப்பட்டோம். அறிந்தவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பூச்சு என்பது யாது?

இன்றைய கார்களின் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் சமன்படுத்தும் அடிப்பூச்சு, அதன்மேல் வண்ணம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற தெளிபூச்சு என்று அடுக்கடுக்காகப் பூசப்பட்டிருக்கும். அனைத்தும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். மேலே உள்ள தெளிபூச்சு மட்டும் 40 அல்லது 50 மைக்ரான். நம் தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு என்றே சொல்லலாம். வண்டியின் பளபளப்பு முழுவதும் இந்த மெல்லிய ஏட்டில்தான் இருக்கிறது. தூசியோடு தேய்க்கும் ஒவ்வொரு தேய்ப்பும் அதில் கோடு கிழிக்கிறது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலைபோல் வட்டம் வட்டமாகத் தெரியும் கீறல்கள் இவ்வாறு பிறந்தவையே.

பழைய அம்பாசடர் வண்டிகளில் இந்தத் தெளிபூச்சு கிடையாது. அவற்றைப் பாலிஷ் இட்டுத் தேய்த்தால் வண்டியின் நிறம் துணியில் ஒட்டும். இன்றும் பழைய வண்டியைப் பேணிவரும் அன்பர்கள் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அளவோடு தேய்க்க வேண்டும். புதிய வண்டியில் துணியில் நிறம் ஒட்டுமானால் அது தெளிபூச்சு கரைந்துபோனதற்கு அடையாளம். உடனே கையை நிறுத்திவிட வேண்டும்.

எவற்றை வாங்குவது?

கடையில் வரிசை வரிசையாகப் புட்டிகள் நிற்கின்றன. எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. ஒரு குடும்பத்திற்கு ஆறு பொருள்கள் போதும்: கார் கழுவும் ஷாம்பூ ஒரு புட்டி, வாளி இரண்டு, கழுவுவதற்கு மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, துடைப்பதற்கு மைக்ரோஃபைபர் துணிகள் நான்கு, மெழுகு ஒரு டப்பா, கண்ணாடி துடைக்கும் திரவம் ஒன்று.

முதலில் ஷாம்பூ. துணிச் சோப்புத்தூள் காரத்தன்மை மிகுந்தது; அழுக்கோடு மெழுகையும் கழற்றிவிடும். ரப்பரையும் நாளடைவில் வறளச் செய்யும். பாத்திரம் கழுவும் திரவமும் எண்ணெய்ப் பசையை அறுப்பதற்கென்றே செய்யப்பட்டதாகையால் மெழுகை விட்டுவைக்காது. கார் ஷாம்பூ வாங்கும்போது காரமும் அமிலமும் அற்ற நடுநிலை உடையது என்று புட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிஎச் 7 என்பது அதன் குறி. ஒரு வாளித் தண்ணீருக்குப் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மூடி போதும். புட்டியின்மேல் அச்சிட்டுள்ள அளவே நமக்குச் சட்டம். நுரை மிகுந்தால் அழுக்கு மிகுதியாகப் போகும் என்பது வீண் நம்பிக்கை.

அடுத்தது துணி. பழைய பனியன், வேட்டித் துண்டு, கிழிந்த புடவை ஆகியவை நம் வீடுகளில் மலிந்து கிடப்பவை. அவை மென்மையானவைதாம், ஆனால் தூசியைத் தம்முள் வாங்கிக்கொள்ளாமல் மேற்பரப்பிலேயே இழுத்துக்கொண்டு போகும். தையல் விளிம்பும் பொத்தானும் கோடு கிழிக்கும். மைக்ரோஃபைபர் துணியின் நுண்ணிய இழைகள் தூசியை உள்ளே வாங்கிக்கொள்ளும். அத்துணியைத் தனியே துவைக்க வேண்டும். துணியை மிருதுவாக்கும் திரவத்தை அதில் சேர்த்தால் இழைகள் அடைபட்டு ஈரம் உறிஞ்சும் தன்மை குன்றும். தரையில் விழுந்த துணியை அலசாமல் மீண்டும் எடுத்துத் துடைக்கவே கூடாது.

கழுவும் முறை

நிழலில், தகடு குளிர்ந்திருக்கும் வேளையில் கழுவுதல் வேண்டும். காலையோ மாலையோ ஏற்றது. முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி மண்ணையும் மணலையும் இளக்கி விடுங்கள். சக்கரங்களை முதலில் கழுவுங்கள். அதற்கெனத் தனித்துணி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வாளியில் ஷாம்பூ நீரும், மற்றொரு வாளியில் வெறும் நீரும் வையுங்கள். ஷாம்பூ நீரில் தோய்த்த கையுறையால் கூரையிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் நீரில் அலசிய பிறகே மீண்டும் ஷாம்பூ நீரில் தோய்க்க வேண்டும். இரண்டு வாளியின் இரகசியம் இவ்வளவே: வண்டியிலிருந்து எடுத்த மணல் மீண்டும் வண்டிக்குப் போகக் கூடாது.

கழுவியதும் உடனே துடைத்துவிட வேண்டும். தென் கொல்கத்தாவில் பல வீடுகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் புழங்குகிறது. அதில் இரும்புச் சத்து மிகுதி. குளியலறைத் தரையில் பழுப்பாகப் படியும் கறையைக் கண்டவர்களுக்கு அது புரியும். அந்நீர் வண்டியின்மேல் காய்ந்தால் வட்டவட்டமாகக் கறை படியும். கண்ணாடியில் படிந்தால் எளிதில் போகாது.

நம் பகுதியில் பரவலாக உள்ள பெரும் பிழை ஒன்று உண்டு. அன்றாடம் காலையில் உலர்ந்த துணியால் வண்டியைத் துடைப்பது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கொல்கத்தாவில் புகையும் பனியும் தூசியும் கலந்து படிகின்றன. அதை உலர்துணியால் துடைப்பது உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும். தினமும் துடைக்காவிட்டால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. வாரத்திற்கு ஒரு முறை முறையாகக் கழுவினால் போதும்.

பாலிஷ் வேறு, மெழுகு வேறு

இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணிப் பணத்தை இழப்போர் பலர். பாலிஷ் என்பது நுண்ணிய அராவும் துகள்களைக் கொண்டது. அது தெளிபூச்சை ஓரளவு அராவி எடுத்துக் கீறலைச் சமன் செய்கிறது. கீறலை நிரப்புவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் ஆழத்திற்கு இறக்குகிறோம். எனவே ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் அதைத் தொடவேண்டாம். காம்பவுண்டு என்பது அதனினும் முரடானது. பழக்கமற்ற கைக்கு அது ஆகாது.

மெழுகு பூச்சை எடுப்பதில்லை. பூச்சின்மேல் படிந்து காக்கிறது. கார்னோபா என்னும் மெழுகு பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைப்பது. அது உருக 80 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். பனையோலையில் ஏடெழுதிய நமக்கு, ஓலை தரும் மெழுகு வண்டியைக் காப்பதைக் கேட்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது. வங்காளத்து வெயிலிலும் மழையிலும் அது ஓரிரு மாதம் நிற்கும். செயற்கை மெழுகு இன்னும் சில மாதம் கூடுதலாக நிற்கும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருளுமானால் மெழுகு இருக்கிறது. தட்டையாகப் பரவினால் தீர்ந்துவிட்டது. செராமிக் பூச்சு என்று இப்போது பலரும் பேசுவது சிலிக்கா கலந்த கெட்டிப் பூச்சு. அது நீடித்து உழைக்கும். ஆனால் கீறலே விழாது என்று கூறும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

மெழுகிடுமுன் ஒரு சிறு சோதனை. கழுவி உலர்ந்த வண்டியின்மேல், மெல்லிய பாலித்தீன் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் கழுவியும் போகாத துகள்கள் ஒட்டியிருக்கின்றன. ரயில் பாதையோரம் வண்டி நிறுத்துவோர் இதைத் தவறாமல் காண்பார்கள். தண்டவாளத்திலும் பிரேக்கிலும் தேய்ந்து பறக்கும் நுண்ணிய இரும்புத் துகள்கள் பூச்சில் குத்தித் துருப்பிடிப்பதால், வெள்ளை வண்டிகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. இவற்றை எடுக்கக் கிளே பார் என்னும் மென்மையான களிக்கட்டி கிடைக்கிறது. வழுக்கும் திரவத்தைத் தெளித்து அதை மெல்லத் தேய்க்க வேண்டும். கட்டி தரையில் விழுந்தால் தூர எறிந்துவிட வேண்டும். மணல் ஒட்டிய கட்டி வண்டியைக் கெடுத்துவிடும்.

வங்காளத்துப் பருவங்களும் நம் பூசைகளும்

சித்திரை வைகாசியில் காலவைசாகிப் புயல் மண்ணையும் இலையையும் வாரி இறைக்கும். ஆனியில் தொடங்கும் மழை புரட்டாசி வரை நீடிக்கும். தெருவில் தேங்கிய நீரில் வண்டி ஓடிய பின் அடிப்பாகத்தை வெறும் நீரால் அலசுங்கள். கதவுகளின் கீழ் விளிம்பில் சிறு துளைகள் உண்டு. அவை அடைபட்டால் உள்ளே நீர் தங்கித் துரு ஏறும். ஒரு தீக்குச்சியால் அவற்றைத் திறந்து வைப்பது பெரும் செலவைத் தடுக்கும். வெயில் கண்ட நாளில் மிதியடிகளை வெளியே எடுத்து உலர்த்தி, கதவுகளை ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். பூஞ்சணத்தின் நாற்றத்தை வாசனைத் திரவியம் மறைக்கும், நீக்காது. ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவை இரவு முழுதும் உள்ளே வைப்பது நாற்றத்தைக் குறைக்கும்.

பறவை எச்சம் அமிலத்தன்மை உடையது. வெயிலில் சூடேறிய பூச்சில் அது பள்ளம் விழச் செய்யும். கண்டவுடன் ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மரத்துப் பிசினுக்கும் பட்டாசுச் சாம்பலுக்கும் இதுவே முறை.

இந்நகரத்தில் செப்டம்பர் இடையில் விசுவகர்மா பூசை. சில வாரங்களில் நமக்கு ஆயுத பூசை. இரண்டிலும் வண்டிக்கு மரியாதை உண்டு. சந்தனமும் குங்குமமும் இடுவது நம் மரபு. அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் சாயம் கலந்த குங்குமம் நாள் கணக்கில் கிடந்தால் வெள்ளைப் பூச்சில் சிவப்புக் கறை தங்கிவிடும். கண்ணாடியின்மேலோ எண் பலகைச் சட்டத்தின்மேலோ இட்டு, மறுநாளே நீர்விட்டுக் கழுவிவிடலாம். கற்பூரத் தட்டைப் பானட்டின்மேல் வைக்காமல் கையில் ஏந்திக் காட்டுவதே நன்று.

உள்ளே கவனிக்க வேண்டியவை

டேஷ்போர்டு பளபளப்பதற்காக எண்ணெய்ப் பசையுள்ள திரவத்தைத் தடவுவது வழக்கமாகிவிட்டது. அதன் பளபளப்பு முன்கண்ணாடியில் பிரதிபலித்துப் பாதையை மறைக்கும். அதைவிட ஆபத்து, அதே துணியால் ஸ்டீயரிங்கையும் பிரேக் மிதியையும் துடைப்பது. வழுக்கும் மிதியால் நேரும் விபரீதத்தை விளக்க வேண்டியதில்லை. டயருக்குப் பூசும் கருமைத் திரவத்தையும் பக்கச் சுவரில் மட்டுமே பூச வேண்டும். தரையைத் தொடும் பரப்பில் ஒரு துளியும் படக்கூடாது. கண்ணாடியில் நிறத்தாள் ஒட்டியிருந்தால் அமோனியா கலந்த திரவத்தைத் தவிர்க்கவும். 2020ஆம் ஆண்டின் நோய்க்காலத்தில் கை சுத்தம் செய்யும் திரவத்தை வண்டிக்குள் தெளித்துப் பழகியவர்கள் பலர். அதிலுள்ள ஆல்கஹால் தோல் உறையையும் சில பிளாஸ்டிக்குகளையும் மங்கச் செய்யும், எளிதில் தீப்பற்றும். அப்பழக்கத்தை விட்டுவிடலாம்.

அறவே விலக்க வேண்டியவை

மண்ணெண்ணெய் கலந்த நீரால் துடைத்தால் வண்டி மின்னும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. மின்னுவது எண்ணெய்ப் படலம். அதில் தூசி மேலும் ஒட்டும். மெழுகு கரையும், கதவோர ரப்பர் ஊறிப் பருத்துக் கெடும். இவற்றினும் பெரிய தீமை வேறு. மண்ணெண்ணெயைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி மாடிப்படியின் கீழ் வைப்பது நம் வீடுகளில் சாதாரணம். குழந்தை அதைத் தண்ணீரென்று எண்ணிக் குடித்தால் அது நுரையீரலில் புகுந்து உயிருக்கே உலை வைக்கும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். அது மேலும் கேடு. உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். வண்டிக்கான எந்தத் திரவத்தையும் அதன் சொந்தப் புட்டியிலிருந்து மாற்றாமல், குழந்தைகளின் கைக்கெட்டாத உயரத்தில் பூட்டி வைப்பதே அறிவுடைமை.

கழிவறை கழுவும் அமிலத்தால் சக்கரத்தைத் தேய்ப்பவர்களும் உண்டு. அது அலுமினியச் சக்கரத்தை அரிக்கும். அதனோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் நச்சு வாயு எழும். இரண்டு திரவங்களை ஒன்றாகக் கலந்து பார்க்கும் ஆராய்ச்சி வீட்டில் வேண்டவே வேண்டாம்.

தண்ணீரும் கைகளும்

நிமிடத்திற்கு 10 லிட்டர் விடும் குழாயைக் கால்மணி நேரம் திறந்து வைத்தால் 150 லிட்டர் போய்விடும். இரண்டு வாளி முறையில் 40, 50 லிட்டரில் வேலை முடிகிறது. 2019 கோடையில் சென்னையில் உறவினர்கள் குடத்தோடு லாரிக்காகக் காத்து நின்றதை நாம் தொலைபேசியில் கேட்டு வருந்தினோம். 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் வண்டி கழுவுவதைத் தடைசெய்து 5,000 ரூபாய் அபராதம் விதித்தனர். கங்கைக் கரையில் வாழ்கிறோம் என்ற துணிவு நமக்கு வேண்டாம். மேலும் நாம் கழுவி விடும் நீர் எங்கே போகிறது? இந்நகரத்துக் கழிவுநீரின் பெரும்பகுதி கிழக்கே உள்ள ஈரநிலங்களை அடைகிறது. 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்நிலங்களில் அதே நீரில்தான் மீன் வளர்க்கிறார்கள், காய்கறி பயிரிடுகிறார்கள். நாம் சாக்கடையில் ஊற்றும் மண்ணெண்ணெய் சந்தை வழியாக யாரோ ஒருவரின் தட்டுக்குத் திரும்பி வரக்கூடும்.

இனி, கைகளைப் பற்றி. நாம் சோப்புத்தூளையும் மண்ணெண்ணெயையும் நிறுத்தினோம். ஷாம்பூவும் துணிகளும் வாங்கி அந்தப் பெரியவரிடம் கொடுத்தோம். கூடவே ரப்பர் கையுறை ஒரு சோடியும். நாள்தோறும் துடைக்க வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள் போதும் என்றோம். அவர் முகம் வாடிற்று. நாள் குறைந்தால் கூலி குறையும் என்று அவர் அஞ்சினார். வேலை குறைந்தாலும் மாதக் கூலி குறையாது என்று உறுதி கூறிய பின்னரே கையுறையை வாங்கிக்கொண்டார். இரண்டு மாதங்களில் விரல் வெடிப்புகள் ஆறின. பானட்டின் வட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது. அதைப் பாலிஷ் இட்டு நீக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார், நாம் நீக்கவில்லை. நம் அறியாமைக்கு அது ஒரு சாட்சியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அன்பர்களே, ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பவர்கள் நாம். நம் வாசலில் வாளியோடு நிற்பவரும் அவ்வாறே வந்தவர். வண்டிக்கு ஷாம்பூ வாங்கும் நாளில் அவருக்கு ஒரு சோடி கையுறையும் சேர்த்து வாங்குங்கள். அதன் விலை மெழுகு டப்பாவின் விலையில் ஒரு சிறு பகுதியே ஆகும்.